வளாக எல்லைக்கு வெளியே

விடுதியின் பின்புறம் தகரக் கொட்டகைக்குள் நின்றிருந்த டீசல் ஜெனரேட்டரின் மேல் அக்கா தன் உள்ளங்கையை வைத்தார். வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. ஊரடங்கு தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்த ஒரு காலை அது. மற்றக் கோடைகளில் அந்தக் கொட்டகைப் பக்கம் நின்று பேச முடியாது. காது அடைத்துக்கொள்ளும், டீசல் வாடை சேலையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. அன்று அந்த இயந்திரத்தின் மேல் புறாக்கள் எச்சமிட்டிருந்தன. புகைபோக்கியின் வாயில் ஏதோ ஒரு பறவை காய்ந்த குச்சிகளைக் கொண்டுவந்து செருகியிருந்தது. அக்கா முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சில்லுனு இருக்குது அம்மிணி. எத்தன வருசம் கத்துனேன், ஒருத்தராச்சும் இத நிறுத்துனாங்களா? ஒரு கிருமி வந்து நிறுத்திப்போடுச்சு பாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “சந்தோசப்படறதா அழுகறதான்னே தெரியல” என்றார்.

அக்கா என்று சொல்கிறேனே தவிர, எங்களுக்குள் ரத்த உறவு ஏதும் கிடையாது. டெல்லியில் ஒரே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தோம். அவர் சுற்றுச்சூழல் துறைப் பேராசிரியை. நான் கணிதம் கற்பித்துக்கொண்டு, மாணவியர் விடுதிக்கு வார்டனாகவும் இருந்தவள். அவருக்கு ஈரோட்டுப் பக்கம், எனக்குத் திருநெல்வேலி. டெல்லிக்கு வந்து தலை நரைத்த பிறகும் ஆளுக்கொரு தமிழாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். வயதில் மூத்தவர் என்பதால் அவர் எனக்கு அக்கா. நான் அவருக்கு அம்மிணி. அவருடைய கணவர் மத்திய அரசில் ஓர் அமைச்சகத்தில் அதிகாரி. ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். ஒரே மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருந்தாள். தனியாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போய்விடுவேன். அரிசியும் பருப்புமாகப் போட்டுப் பொங்கிய சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம். சாப்பிட்டுவிட்டுப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பல்கலைக்கழகத்தை வைதுகொண்டிருப்போம்.

வைவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. ஒரு பல்கலைக்கழகம் நடக்கிறது என்றால் அதன் பொருட்டு எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கிறது என்பதை அவர் பல ஆண்டுகளாக அளந்துகொண்டிருந்தார். மின்சாரம், ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசல், விடுதிச் சமையலறையின் எரிவாயு, பேருந்துகள், பேராசிரியர்களின் கார்கள், கருத்தரங்குகளுக்குப் பறக்கும் விமானங்கள் என்று ஒவ்வொன்றையும் விசாரித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார். காலையில் பிரதான வாயிலில் வேப்பமர நிழலில் நின்றுகொண்டு, காரில் ஒற்றை ஆளாக வருகிறவர்களை நிறுத்தி, மெட்ரோவில் வந்தால் என்ன என்று இந்தியில் கேட்பார். ஈரோட்டு இழுவை அந்த இந்தியிலும் இருக்கும். அவரைத் தூரத்தில் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனவர்களை எனக்குத் தெரியும். துணைவேந்தரின் அறைக்குள் மே மாதத்தில் சால்வை போர்த்திக்கொண்டு நுழைவார். “உங்கள் ஏசிக்காகத்தான் சார்” என்று சொல்லிவிட்டு உட்காருவார். துணைவேந்தர் சிரிப்பார், தேநீர் வரும், ஏசி அதன்பாட்டுக்கு ஓடும். விமானத்தில் போவதை அக்கா எப்போதோ விட்டுவிட்டார். ஊருக்குப் போவதென்றால் புளிசாதப் பொட்டலத்தோடு ரயில்தான். இதனாலெல்லாம் உலகம் பிழைத்துவிடும் என்று அவர் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணெதிரே ஒன்று வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான்.

பெருந்தொற்று வந்தபோது விடுதியைக் காலி செய்வதற்கு எங்களுக்குத் தரப்பட்ட அவகாசம் மிகக் குறைவு. பெண்கள் கொடியில் காய்ந்த துணிகளைக்கூட எடுக்காமல் ஓடினார்கள். மொட்டைமாடியில் ஒரு மஞ்சள் துப்பட்டா பல நாள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வகுப்புகள் திரைக்கு மாறின. ஆளில்லாத அந்தக் கட்டடத்தில் வார்டன் என்ற பெயரில் நான் மட்டும் இருந்தேன். அக்கா எப்படியோ அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வாரம் ஒருமுறை வந்துபோனார். வகுப்பறைகள், நூலகம், ஆய்வகம், விடுதி என்று ஒவ்வொரு கட்டடத்தின் மின் அளவியையும் பார்த்துக் குறித்துக்கொள்வார். எல்லாம் அடங்கிக் கிடந்தன. வாகன நிறுத்தத்தில் சருகு மூடிக் கிடந்தது. நானும் கூடவே நடப்பேன். அவருடைய நடையில் ஒரு துள்ளல் இருந்ததை நான் பார்க்காமல் இல்லை.

“ரொம்பச் சந்தோசப்பட்டுராதீங்கக்கா” என்றேன் ஒருநாள். “பிள்ளைக எங்க கெடந்து என்ன பாடு படுதுகளோ.”

அவர் சட்டென்று நின்றுவிட்டார். “அதையும் அளக்கணும் அம்மிணி. இங்க கொறஞ்சது அங்க ஏறியிருக்கும். அதையும் சேத்து எழுதுனாத்தான் அது கணக்கு” என்றார்.

அப்படித்தான் அந்த ஆய்வறிக்கையை அவர் இரண்டு பாகமாகத் திட்டமிட்டார். வளாகத்துக்குள் என்ன குறைந்தது என்பது முதல் பாகம். வீடுகளுக்குள் என்ன கூடியது என்பது இரண்டாவது. முதல் பாகம் எளிதாக முடிந்துவிட்டது. அது தயாரானதும் நிர்வாகத்திலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. ஏதோ ஒரு தரவரிசைக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம், இருப்பதை உடனே அனுப்புங்கள் என்றார்கள். எத்தனையோ ஆண்டுகளாக வாசலில் காத்துக்கிடந்தவருக்கு அவர்களே தேடிவந்து கேட்டது பெருமையாகத்தான் இருந்திருக்கும். இரண்டாவது பாகம் பின்னால் வரும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு அனுப்பிவைத்தார்.

இரண்டாவது பாகத்துக்காக நாங்கள் இருவரும் மாணவிகளின் வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினோம். குர்காவோனில் ஒரு பெண்ணின் வீட்டில் அவளுக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் தனித்தனி அறை, தனித்தனி வகுப்பு, தனித்தனி ஏசி. முன்பெல்லாம் பகல் முழுவதும் பூட்டிக்கிடக்கும் வீடு அது. பீகாரில் ஒரு பெண்ணின் ஊரில் பாதி நாள் மின்சாரம் கிடையாது. கடைத்தெருவில் ஒருவர் டீசல் என்ஜின் வைத்து வரிசையாகக் கைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றித் தருகிறார், அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வகுப்பு தொடங்குவதற்குள் திரும்ப வாங்கிவர வேண்டும். ஒரே வகுப்பறையில் ஒரே மின்விசிறிக்குக் கீழே நெருக்கி உட்கார்ந்து படித்தவர்கள், இப்போது ஆளுக்கொரு விசிறிக்குக் கீழே. பயணம் குறைந்ததால் கிடைத்த லாபம் உண்மையானது, அதை யாரும் மறுக்க முடியாது என்று அக்கா சொல்வார். ஆனால் குறைந்ததில் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு வெறுமனே இடம் மாறியது என்று பிரித்துக் காட்டாவிட்டால் அது ஆய்வு ஆகாது என்பதும் அவர் கட்சி.

பேசிய பெண்களில் ஒருத்தி என் மாணவி. விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமம். எம்.எஸ்ஸி. கணிதம், முதலாண்டு. அவள் வீட்டில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள் அவள்தான். டெல்லியில் எங்கள் விடுதியில் இடம் கிடைத்திருக்காவிட்டால் அந்த வாசலையும் தாண்டி அவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டாள். இந்தி தெரியாமல் வந்து, விடுதி மெஸ்ஸில் சமைக்கிறவரிடம் ரசம் வைக்கச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். தொலைபேசியில் அவள் குரல் காற்றில் அறுந்து அறுந்து வந்தது.

“டேங்க் மேல ஏறி நின்னுகிட்டு பேசறன் மேடம். இங்கதான் டவர் எடுக்குது. வெயிலு மண்டையப் பொளக்குது.”

“வகுப்பு முழுக்கவா அங்க நிக்க?” என்றேன்.

“பாதி கிளாஸ் நிப்பன். அப்புறம் எறங்கிடுவன். போன் சூடாயிடும், இல்லன்னா நான் சூடாயிடுவன்” என்று சிரித்தாள். விடுதி எப்போது திறக்கும் என்று அன்று மட்டும் பலமுறை கேட்டுவிட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் அடுத்த ஆண்டு ஒரு கூட்டத்தில் கிடைத்தது. கூட்டமும் திரையில்தான். நான் வார்டன் என்ற முறையிலும் அக்கா அறிக்கை எழுதியவர் என்ற முறையிலும் கலந்துகொண்டோம். அக்காவின் அறிக்கையை வழவழப்பாக அச்சிட்டு, அட்டையில் ஒரு பச்சை இலையைப் போட்டிருந்தார்கள். இணையவழிக் கல்வியால் நம் வளாகத்தின் உமிழ்வு பெருமளவு குறைந்திருக்கிறது, இந்தச் சாதனையை இழக்கக் கூடாது, ஆகவே முதுகலை வகுப்புகளில் பெரும்பகுதி இனித் திரையிலேயே தொடரும் என்று ஓர் அதிகாரி வாசித்தார். பழைய மாணவியர் விடுதி அதிக மின்சாரமும் தண்ணீரும் எரிவாயுவும் குடிக்கிற கட்டடம் என்பதால் அதைத் திறக்கப்போவதில்லை என்பது அடுத்த வரி. அந்த வரிக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது அக்காவின் முதல் பாகம்.

திரையின் சிறிய கட்டத்துக்குள் அக்காவின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். “இரண்டாவது பாகம் அனுப்பியிருக்கிறேனே, அதைப் படித்தீர்களா?” என்று கேட்டார். வீடுகளில் கூடியதைச் சொன்னார். மாணவிகளைச் சொன்னார். வளாகத்தின் கணக்கைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் கார்களை நிறுத்துங்கள், ஏசியை நிறுத்துங்கள், விடுதி மாடியில் சூரியத்தகடு வையுங்கள், எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்றார். அதிகாரி பொறுமையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். கடைசியில் மரியாதையாக ஒரு வாக்கியம் சொன்னார்.

“மேடம், வோ ஸப் ஹமாரீ பவுண்டரி கே பாஹர் ஹை.”

அதெல்லாம் நம் எல்லைக்கு வெளியே. இந்தக் கணக்குப் போடுகிறவர்கள் முதலில் ஓர் எல்லைக்கோடு போட்டுக்கொள்வார்கள், கோட்டுக்குள் நடப்பதற்கு மட்டும்தான் நிறுவனம் பொறுப்பு. அந்தக் கோட்டை எப்படிப் போடுவது என்று எங்கள் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான். அடுத்த பொருளுக்குப் போனார்கள். அக்காவின் கட்டம் கொஞ்ச நேரத்தில் இருண்டது.

பல்கலைக்கழகம் திறந்த பிறகு, விடுதி திறக்காது என்று எழுத்தில் அறிவித்த பின்பும், விழுப்புரத்துப் பெண் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டாள். ரயிலில் பொதுப் பெட்டியில் உட்கார்ந்து வந்திருந்தார்கள். நேரில் வந்து கேட்டால் மனம் இரங்குவார்கள் என்று நினைத்திருக்கிறாள். விடுதி வாசலில் காவலாளி, “ஹாஸ்டல் பந்த் ஹை”, விடுதி மூடியிருக்கிறது என்று கையை ஆட்டியதும் எனக்குப் போன் செய்தாள். நான் போய்ப் பார்த்தபோது அப்பா சுவர் ஓரமாகக் குந்தியிருந்தார். மடியில் ஒரு பையில் முறுக்கும் வேர்க்கடலையும் இருந்தன. வார்டன் மேடத்துக்கு என்று அவர் மனைவி கொடுத்தனுப்பியது.

அவர்களை ஆர்.கே.புரத்துக்கு அழைத்துப்போனேன். அக்கா அவர்களுக்குச் சோறு போட்டு, தானே கூட நின்று பரிமாறினார். இரண்டு நாட்கள் நாங்கள் நான்கு பேரும் அறை தேடினோம். மாணவர்கள் தங்கும் பகுதிகளில் சந்துக்குள் சந்து நுழைந்து, தீப்பெட்டிகளைப் போல ஒட்டி ஒட்டிக் கட்டிய கட்டடங்களில் மாடி ஏறினோம். அவர்களால் கொடுக்க முடிகிற வாடகைக்குக் கிடைத்த ஒரே அறைக்கு ஜன்னல் இல்லை. பகலிலேயே விளக்கு எரிந்தது. அந்த மாடியில் இருந்த மற்ற எல்லாரும் ஆண்கள். அப்பா அறைக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் விரலில் ஒட்டியது.

“எம் பொண்ண இந்த ரூம்புல உட்டுட்டு ஊர்ல நான் எப்பிடி மேடம் சோறு துன்னுவன்?” என்றார் என்னிடம்.

திரும்பி வந்ததும் அக்கா சொன்னார். “எங்கூட்டுல இருக்கட்டுங்க. எம் மக இருந்த அறை சும்மாதான் கெடக்குது. நான் பாத்துக்கறேன்.”

அந்த மனிதர் கைகூப்பிவிட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டே, “எத்தன நாளிக்கு மேடம்?” என்று கேட்டார். அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. படிப்பு முடிகிறவரை இருக்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அக்காவின் கணவர் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அக்காவுக்கும் அதிகம் சர்வீஸ் இல்லை. இருவரும் கோயம்புத்தூருக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. பொய் சொல்ல அக்காவுக்கு வரவில்லை. நான் என்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், வார்டன் குடியிருப்பையும் விடுதியோடு சேர்த்துக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். ஜனக்புரியில் ஒரு தோழி வீட்டின் பாதி அறையில் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தேன். அப்பாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. “பரவால்ல மேடம். ஊர்லேர்ந்தே படிக்கட்டும்” என்றார்.

ரயிலுக்கு முன்பு மலை மந்திர் முருகனைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். வெயிலில் கருங்கல் படிகள் சுட்டன. அவர் முன்னால் ஏறிப்போய்விட்டார். நாங்கள் மூவரும் பாதியில் நிழல் கண்ட இடத்தில் நின்றோம். கீழே குவார்ட்டர்ஸ் கூரைகள், அதற்கு அப்பால் சாலையில் அசையாமல் நிற்கும் கார்களின் வரிசை. ஊரடங்கு முடிந்ததும் மெட்ரோவுக்குப் பயந்துகொண்டு புதிதாகக் கார் வாங்கியவர்கள் அநேகம். அந்த வரிசையை அந்தப் பெண் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவிடம் கேட்டாள். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. வகுப்பில் புரியாத இடத்தைக் கேட்கிற அதே குரல்.

“மேடம், நான் வூட்டுலயே இருந்துட்டா இங்க காத்து சுத்தமாயிடுமா?”

எதையும் விளக்கிச் சொல்லத் தெரிந்தவர் அக்கா. மேடையில், வகுப்பில், வழியில் போகிறவரிடம், எங்கும் திணறி நான் பார்த்ததில்லை. அன்று அந்தப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சூடு சேலையைத் தாண்டி ஏறியிருக்கும், எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் பயந்துபோய், “ஐயோ, தப்பா கேட்டுட்டனா மேடம்?” என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவள் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அப்பா திருநீறோடு இறங்கி வந்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார்.

அதன் பிறகு அக்கா ஒரு போராட்டமே நடத்திப் பார்த்தார். அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதினார். வெளியிட்டதைத் திரும்பப் பெற வழியில்லை என்று பதில் வந்தது. இரண்டாவது பாகத்தைத் தானே அச்சடித்துத் துறை துறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாணவர்கள் சிலர் கோஷம் போட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் திரையிலிருந்து கோஷம் போட்டார்கள். இடையில் பல்கலைக்கழகத்துக்குப் பசுமை வளாகம் என்று ஒரு விருது கிடைத்தது. பாராட்டு விழாவுக்கு அக்கா போகவில்லை. பொன்னாடையை ஓர் அலுவலகப் பணியாளர் மூலம் துறைக்கு அனுப்பிவைத்தார்கள். அது பிரிக்கப்படாமல் மேசை மேல் கிடந்தது. பிறகு யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

விடுதிக் கட்டடம் சும்மா கிடக்கவில்லை. உள்சுவர்களை இடித்து, பாடங்களைப் படம்பிடிக்கும் கூடங்களாக மாற்றினார்கள். கீழ்த்தளம் முழுக்கக் கணினி சேமிப்பகம். இணைய வகுப்புகள் நிரந்தரம் என்றான பிறகு அதற்கு இடம் வேண்டுமே. வெளிச்சத்துக்கு விளக்குகள், விளக்கின் சூட்டுக்கு ஏசி, கணினியின் சூட்டுக்கு இன்னும் பெரிய ஏசி. பெண்கள் துணி காயப்போட்ட பால்கனிகளில் ஏசிப் பெட்டிகளை வரிசையாகப் பொருத்தினார்கள். பழைய ஜெனரேட்டர் போதாது என்று இரண்டு மடங்கு பெரிதாக ஒன்று வந்தது. அதைக் கிரேனில் வைத்து இறக்கிய அன்று அக்காவும் நானும் எதிர்ச் சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நூற்றுக்கணக்கான பெண்கள் சாப்பிட்டுக் குளித்துப் படித்த காலத்தில் எரிந்ததைவிட, ஆளே இல்லாத அந்தக் கட்டடம் இனி அதிகம் எரிக்கும் என்பதைச் சொல்ல எங்களுக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

“அளக்க வேண்டாமாக்கா?” என்று கேட்டேன்.

“அளந்து?” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் எதையும் அளந்து நான் பார்க்கவில்லை. வாயிலில் நிற்பதை விட்டுவிட்டார். கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். துணைவேந்தர் அறைக்குள் சால்வை இல்லாமல் போனார், நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

விழுப்புரத்துப் பெண் ஒரு பருவம் தாக்குப்பிடித்தாள். இணையத்தில் நடந்த ஒரு தேர்வின் நடுவில் மழை பிடித்துக்கொண்டு டவர் போய்விட்டது. மறுவாய்ப்புக் கேட்டு நான் அலைந்து வாங்கித் தருவதற்குள் அவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். செருப்புத் தொழிற்சாலை. கம்பெனிப் பேருந்து விடியற்காலையில் வந்து ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு வெகுதூரம் போகும், பொழுது சாய்ந்து திரும்பும். இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“இங்க இருந்தப்ப ரூம்புல இருந்து கிளாசுக்கு நடந்தே போவா அம்மிணி” என்றார். “செருப்புத் தேயறதத் தவிர அவளால இந்த ஒலகத்துக்கு ஒரு செலவும் இல்ல.”

கீரையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். அன்று நான் சாப்பிடாமல் திரும்பினேன்.

அவர் கணவர் ஓய்வு பெற்றார். அக்காவும் பதவிக்காலம் இருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்ட மறுநாள் அவர்களை வழியனுப்பப் போனேன். வாசலில் டாக்ஸி நின்றது. விமான நிலையத்துக்கு. அவரே, “ரெண்டு ராத்திரி ரயில்ல ஒக்கார இவருக்கு முடியாதுன்னாரு” என்றார். பிறகு, “எனக்கும் முடியல அம்மிணி” என்றார். வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். உள்ளிருந்து அவர் ஏதோ சொன்னது தெரிந்தது, கேட்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து அவ்வப்போது பேசுவார். பேரன் நடக்கிறான், மாடியில் தக்காளி வைத்திருக்கிறேன், மழை இல்லை. பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். முடிக்கும்போது மட்டும், “அந்தப் புள்ள பேசுனாளா?” என்பார். முதலில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். கல்யாணமானதைச் சொன்னாள். பிறகு அந்த எண்ணில் வேறு யாரோ எடுத்தார்கள். அதை அக்காவிடம் மறைக்கத் தோன்றவில்லை, சொன்னேன். “அங்க குளிரு எச்சா இருக்குதா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அடுத்த தடவையிலிருந்து அந்தப் பெண்ணைப் பற்றிய கேள்வியும் நின்றுபோனது.

போன குளிர்காலத்தில் அக்கா இறந்துபோனார். மாரடைப்பு. மகள் போனில் சொன்னாள். அந்த வாரம் டெல்லியில் எதிர்வீட்டுச் சுவர் தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். காற்று சீராகும்வரை எல்லா வகுப்புகளையும் திரையில் நடத்துமாறு உத்தரவு வந்திருந்தது. இப்போதெல்லாம் குளிர் வந்தாலே அந்த உத்தரவும் கூடவே வந்துவிடுகிறது. மாணவர்களும் பழகிவிட்டார்கள், யாரும் முகம் காட்டுவதில்லை, பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்களுக்குத்தான் பாடம் நடத்துகிறேன். அக்காவுக்கான இரங்கல் கூட்டத்தையும் திரையிலேயே வைத்தார்கள்.

ஜனக்புரி வீட்டில் ஜன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் முதலில் அக்காவின் புகைப்படம் வந்தது. அடுத்து அந்தப் பச்சை இலை அட்டை. தொலைநோக்கோடு நமக்கு வழிகாட்டியவர், இன்று நாம் அடைந்திருக்கும் பெருமைக்கு அவருடைய அறிக்கையே அஸ்திவாரம் என்று புதிய துணைவேந்தர் பேசினார். அவர் அக்காவைப் பார்த்ததே இல்லை. சக ஆசிரியர்கள் சிலர் சால்வைக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தார்கள். நண்பர்கள் யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்றார்கள்.

நான் பேசினேன். எழுதிவைத்துக்கொள்ளவில்லை, மனதில் இருந்ததைப் பேசினேன். அந்த அறிக்கைக்கு இரண்டாவது பாகம் ஒன்று உண்டு என்று சொன்னேன். அதில் டீசல் என்ஜின் வைத்திருக்கிற கடையும், மூன்று ஏசி ஓடுகிற வீடும், தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்று கணக்குப் படித்த பெண்ணும் இருக்கிறார்கள் என்று சொன்னேன். உங்கள் எல்லைக்குள் குறைந்தது என்று நீங்கள் கொண்டாடியதற்குப் பெயர் அந்தப் பெண்கள்தான், எரிவதெல்லாம் முன்னைவிட அதிகமாக எரிந்துகொண்டிருக்க அவர்களை மட்டும்தான் நாம் குறைத்தோம் என்று சொன்னேன். அக்கா இதைச் சொல்லிச் சொல்லி யாரும் கேட்காமல்தான் போனார் என்றேன். திரையில் ஒருவர் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். யாரும் குறுக்கிடவில்லை. இத்தனை பொறுமையாகக் கேட்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

பேசி முடித்ததும் மௌன அஞ்சலி அறிவித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கேமரா இருந்த இடத்திலேயே இருந்ததால், கட்டங்களில் முகங்கள் மறைந்து வயிறுகளும் சட்டைப் பித்தான்களும் ஸ்வெட்டர் ஓரங்களும் மட்டும் தெரிந்தன. நானும் நின்றேன். கூட்டம் முடிந்து கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

சற்று நேரத்தில் எங்கள் துறையின் இளம் ஆசிரியை ஒருத்தியிடமிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது. கூட்டத்தை நடத்தியவர்கள் இரைச்சல் வரக் கூடாதென்று, முன்பே பெயர் கொடுத்துப் பேசியவர்களைத் தவிர மற்ற எல்லோருடைய ஒலியையும் தங்கள் பக்கமிருந்தே அடைத்து வைத்திருந்தார்களாம், வேறு யாரும் பேசவில்லை என்று நினைத்துத்தான் மௌன அஞ்சலிக்குப் போனார்களாம். “மேடம், உங்கள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். ஏதாவது சொன்னீர்களா?” என்று இந்தியில் கேட்டிருந்தாள்.

ஒன்றுமில்லை என்று பதில் அனுப்பினேன்.